சாய்மனை வைத்த வள்ளம்

புத்தூர்
12.06.1994

அன்புள்ள தம்பி இராசநாயகத்துக்கு அக்கா எழுதுவது.

நான் சுகம். உன் அத்தானும் சுகம். பாரிசவாதம் வந்து மூன்று வருடம் கட்டிலில் கிடப்பவருக்கு எவ்வளவு சுகம் இருக்கலாமோ அவ்வளவு. நீ, மச்சாள் பத்மாசினி, பிள்ளைகள் எல்லோரும் அந்தக் குளிர் நாட்டில் எப்படி என்று எழுது. உன் சித்திரை மாதக் கடிதம் கப்பலேறி வந்து, பருத்தித்துறையில் கிடந்து, நேற்றுத்தான் கைக்கு வந்தது.

அங்கே உங்களுக்கு எப்படிப் பொழுது போகிறது என்று கேட்டிருந்தாய். வள்ளம் திருத்துகிறேன்.

சிரிக்காதே. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து மயிலிட்டியை விட்டு ஓடி வந்தபோது மற்றவர்கள் ஆடு மாடு கொண்டுவந்தார்கள், நாங்கள் வள்ளத்தைக் கொண்டுவந்தோம். காங்கேசன்துறையில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது உன் அத்தானுக்குக் கொடுத்துவிட்டுப் போன சின்னப் பாய்வள்ளம் உனக்கு நினைவிருக்கும். அதற்கென்றே இரண்டு சில்லு வைத்த இழுவையும் உண்டு. சட்டி பானை, உடுப்பு, சாமிப்படம் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றி, சோடி மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வழி நெடுகச் சனம் வாயைப் பிளந்து பார்த்தது. நான்கு வருடமாக இந்த வளவில் புளியமரத்தின் கீழ் நிற்கிறது. உள்ளே கோழி அடை கிடக்கிறது.

உன் அத்தான் முப்பது வருடம் சரக்குக் கப்பலோட்டிய மனிதன். இப்போது அவர் பார்ப்பது சுவர். எனக்கு இது பொறுக்கவில்லை. மாரி பெய்து உப்பாற்றில் தண்ணீர் ஏறியதும் அவரை அந்த வள்ளத்தில் ஏற்றித் தொண்டைமானாறு மட்டும் பாய் விரித்துப் போகப் போகிறேன். நோயாளியை ஏற்றிப் போவது போல இல்லை. படுக்கை, சாய்மனை, நிழல், தேத்தண்ணி, ரேடியோ எல்லாம் இருக்க வேண்டும். ராசா மாதிரிப் போக வேண்டும்.

தச்சுவேலைக்குக் கந்தப்பு அண்ணையைக் கூப்பிட்டேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தங்கச்சி, வள்ளம் எண்டால் மீன் பிடிக்க. இல்லாட்டித் தப்பி ஓட. உதென்ன, படுத்துக் கிடக்க ஒரு வள்ளமோ?"

"ஓம் அண்ணை, படுத்துக் கிடக்கத்தான்."

இங்கே பெயின்ற் வராது, பற்றரி வராது, பிசின் வராது, மண்ணெண்ணெய் கண்ணுக்கு மருந்து விடுகிற அளவில்தான். அரசாங்கம் போட்ட தடைப் பட்டியலில் காற்றை எழுத மட்டும் மறந்துபோனார்கள். பாய்வள்ளத்துக்கு அது போதும்.

உன் அத்தானிடமும் சொன்னேன். வாதம் அவருடைய சொற்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் ஒரே ஒரு சொல்லை விட்டுவைத்திருக்கிறது என்று முன்பே எழுதியிருந்தேன். அதையே சொன்னார்: "விசர்." எனக்குப் பைத்தியமாம். ஆனால் வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா
மீனாம்பிகை


ஸ்காபரோ
30.07.1994

அன்பான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலமாக இருக்கிறோம். எனக்குத் தொழிற்சாலை வேலையால் நாரிப்பிடிப்பு, குனிந்தால் இடுப்பு நிமிராது, மற்றப்படி குறையில்லை. இப்போது இங்கும் வெயில்தான்.

அக்கா, நான் சொல்வதைக் கோபிக்காமல் கேளுங்கள். அந்த வள்ளத்தை விற்றுவிடுங்கள். நானும் ஆறு வருடம் கப்பலில் இருந்தவன்தான், எனக்கும் ஆசை புரிகிறது. ஆனால் மேலே ஆமி ஹெலி பறக்கிற நாட்டில் பாய்வள்ளத்தில் உலாப் போவது என்ன கூத்து? பத்மாசினிக்குச் சொன்னேன். "உங்கடை அக்காவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்கிறா.

உங்களை இங்கே எடுப்பதற்கு ஒரு வழக்கறிஞரைப் பார்த்திருக்கிறேன். இருவருக்கும் முயற்சி செய்கிறேன். அத்தானுக்கு வைத்தியப் பரிசோதனை கொஞ்சம் கடினமாக இருக்கும் என்கிறார். பார்ப்போம். தைரியமாக இருங்கள்.

அத்தானின் காலைத் தினமும் உருவிவிடுங்கள்.

அன்புத் தம்பி
இராசநாயகம்


புத்தூர்
02.10.1994

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் நாரிக்கு நல்லெண்ணெய் பூசு. வெந்நீர் ஊற்று.

விற்கச் சொல்கிறாய். கேள். பழைய பாய் இல்லை. தொண்ணூறில் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது அதுதான் எங்களுக்குச் சுவர், பிறகு வெட்டி நாலு குழந்தைகளுக்கு ஏணை கட்டினோம். புதுப் பாய்க்கு மாச் சாக்குத் துணி சேர்த்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தையல் படிப்பித்தவளுக்குச் சாக்கு மூட்டுவதா பெரிய வேலை? ஓரத்துக்குக் கயிறு வைத்துத் தைப்பதற்குக் கத்தரீனா வந்தாள். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து பக்கத்து வளவில் இருக்கிறவள். வலைவாடியில் வளர்ந்த கை. பனிச்சங்காய் இடித்துச் சாயம் போட்டோம், வெள்ளைப் பாய் மேலே பறக்கிறவனுக்கு வெளிச்சம் காட்டும் என்று. சாயம் எல்லாவற்றையும் மூடியது, சாக்கில் அச்சடித்திருந்த ஆங்கில எழுத்தை மட்டும் மூடவில்லை. விரித்துப் பார்த்தால் பாயின் நட்ட நடுவில் "விற்பனைக்கு அல்ல" என்று நிற்கிறது. உனக்குப் பதில் நான் எழுதத் தேவையில்லை, நிவாரணம் கொடுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பத்மாசினியிடம் சொல், அக்காவுக்கு ஒன்றும் நடக்கவில்லை, இனித்தான் நடக்கப்போகிறது என்று.

இன்னொரு செய்தி. இன்று காலை வள்ளத்தைத் தாட்டுவிட்டோம். போன கிழமை மழைக்குக் குளத்தில் தண்ணீர் நின்றது. மாட்டைப் பூட்டிக் கொண்டுபோய், கல் ஏற்றி, விளிம்பு வரைக்கும் தாட்டாயிற்று. கொழும்புக்குப் போகிறவர் கடிதத்துக்கு வாசலில் நிற்கிறார். மிச்சம் பிறகு.

அக்கா


ஸ்காபரோ
24.10.1994

அன்பான அக்காவுக்கு,

நலம். அத்தான் நலமா?

வள்ளத்தைத் தாட்டுவிட்ட செய்தி வாசித்து எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. உங்களுக்கு எவ்வளவு கவலையாக இருந்திருக்கும் என்று விளங்குகிறது. ஆனால் நல்ல முடிவு. நீங்கள் எப்போதும் கடைசியில் நல்ல முடிவுதான் எடுப்பீர்கள்.

இனி மற்றக் காரியத்தைக் கதைப்போம். வழக்கறிஞர் கடிதம் போட்டிருக்கிறார். உங்கள் ஒருவருக்கென்றால் வழி இருக்கிறது. அத்தானுக்கு இல்லை. நான் எழுதக் கூசுகிறேன், ஆனாலும் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லம் ஒன்று இருக்கிறதாம். மிகவும் அன்பாகப் பார்ப்பார்களாம். மாதாமாதம் நான் காசு அனுப்புவேன். நீங்கள் இங்கே வந்து உங்கள் உடம்பைத் தேற்றிக்கொண்டால் பிறகு அவரையும் எடுக்க ஒரு வழி பிறக்கலாம். யோசியுங்கள்.

இந்தக் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

தம்பி
இராசநாயகம்


புத்தூர்
30.11.1994

தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் மூளைதான் குளிரில் விறைத்துவிட்டது போலத் தெரிகிறது.

மயிலிட்டியில் பிறந்தவனா நீ? நாலு வருடம் தண்ணீர் காணாமல் நின்ற வள்ளத்தை ஏன் தாழ்க்கிறார்கள்? பலகை சுருங்கி இணைப்புக்குள்ளால் ஆகாயம் தெரிந்தது. ஊறப்போட்டால் பலகை பருத்துத் தானே வாயை மூடும். மிச்ச இடுக்குக்குப் பஞ்சு அடித்துக் குங்கிலியம் காய்ச்சிப் பூசினோம். பத்து நாள் ஊறி வந்த வள்ளம் இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் எடுக்காது. உன் நெஞ்சுப் பாரத்தைத் திரும்ப ஏற்றிக்கொள்.

வேலையெல்லாம் முடிந்த மாதிரித்தான். இடப்பக்கம் நீளத்துக்குப் படுக்கை. இலவம் பஞ்சு மெத்தை நானே தைத்தேன். தலைமாட்டில் எங்கள் பழைய சாய்மனைக் கதிரையின் முதுகை வெட்டிப் பொருத்தியிருக்கிறது, மூன்று நிலையில் சரிக்கலாம். ஏன் இடப்பக்கம் என்றால் அவருக்கு இடக்கைதான் வேலை செய்கிறது. படுத்தபடியே கையைப் போட்டால் தண்ணீர் தொட வேண்டும். பிடித்துக்கொள்ளச் சைக்கிள் ஹாண்டில் ஒன்று. மேலே மூங்கில் வளைத்து வண்டிக் கூடாரம் மாதிரி நிழல். என் நைலோன் சேலை ஒன்று நுளம்புத் திரையாகிவிட்டது. நடுவில் ஓட்டை போட்ட பிரம்புக் கதிரையும், கீழே வாளியும், சுற்றிவரத் திரையும் இருக்கிறது. அவசரத்துக்கு யாரும் கூச்சப்படத் தேவையில்லை. மண் போட்ட பெட்டிக்குள் கரியடுப்பு. சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றினால் ரேடியோ பாடும். ஏற்றி இறக்கக் கிணற்றுக் கப்பியும் கயிறும்.

அவர் இடப்பக்கம் படுத்தால் வள்ளம் சாயும் அல்லவா? கந்தப்பு அண்ணை உன் அத்தானின் பாரம்தான் இருப்பார். குளத்தில் மிதக்கவிட்டு அவரைப் படுக்கவைத்து, வலப்பக்கம் மணல்மூடை வைத்து, கூட்டிக் குறைத்து நேராக்கினோம். நான் நடுவில் சுக்கானோடு இருந்தேன். வள்ளம் சரியாகிவிட்டது, இறங்குங்கள் என்றால் மனிதர் அசையவில்லை. பார்த்தால் குறட்டை. படுத்துக் கிடக்க ஒரு வள்ளமோ என்று கேட்டவர் இவர்தான்.

இனி நீ எழுதிய மற்றது. எங்கள் வீட்டில் வருகிற கடிதத்தை நான் உரத்துத்தான் வாசிப்பேன், உனக்குத் தெரியும். வாசிக்க வேண்டாம் என்ற வரியை நீ கடைசியில் எழுதியிருக்கிறாய். அதற்குள் எல்லாம் வாசித்தாயிற்று. கன்னியாஸ்திரிகள் வரைக்கும் கேட்டார். பிறகு தன் ஒரே சொல்லைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நெருப்பு வந்தது. முப்பத்தைந்து வருடம் கூட இருந்த மனிதனை ஒரு வாசலில் வைத்துவிட்டு விமானம் ஏறி வந்து உன் வீட்டு ஹீற்றருக்கு முன்னால் உட்கார்ந்து நான் எதைத் தேற்றுவது? இதை இன்னொரு தரம் எழுதாதே. எழுதினால் அக்கா இல்லை என்று நினைத்துக்கொள்.

கோபமாக முடிக்கக் கூடாது. பிள்ளைகள் படிக்கிறார்களா? கடைக்குட்டிக்குப் பல் விழுந்ததாக எழுதியிருந்தாய். முளைத்துவிட்டதா?

மாரி நன்றாகப் பெய்கிறது. உப்பாறு நிரம்பிக்கொண்டு வருகிறது. நாள் பார்க்கப் போகிறோம்.

மீனாம்பிகை


ஸ்காபரோ
04.01.1995

அன்பான அக்கா, அத்தான் இருவருக்கும்,

புது வருட வாழ்த்துகள். சண்டை நிற்கப் போகிறது என்று இங்கே ரேடியோவில் சொல்கிறார்கள். கேட்க ஆறுதலாக இருக்கிறது. பல் முளைத்துவிட்டது.

எனக்கு ஏசியது சரி. நான் எழுதியிருக்கக் கூடாது. அத்தானிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். "விசர்" என்று சொல்வார், அதை எனக்கு எழுதுங்கள்.

பலகை ஊறப்போடுவதை மறந்துபோனேன் என்பதுதான் இன்னும் வெட்கம். அந்த வெட்கத்தில் நூலகத்துக்குப் போய் வள்ளப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். இங்கேயும் உங்களைப் போலச் சின்ன வள்ளத்தைக் காரில் கட்டி இழுத்துப் போய், ஏரியில் விட்டு, உள்ளேயே சமைத்துப் படுக்கிறார்கள். அவர்கள் செலவழிக்கிற காசுக்கு எங்கள் ஊரில் ஒரு கல்வீடு கட்டலாம். இரண்டு படம் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றில் சாப்பாட்டு மேசை மடிக்கிற விதம் இருக்கிறது.

மணல்மூடை விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். அதை உயரத்தில் வைக்க வேண்டாம், தரையோடு கிடத்தி, நகராமல் கயிறு போடுங்கள். வள்ளம் சாயும்போது மூடை உருண்டால் அத்தான் பக்கம் தண்ணீர் ஏறும். தண்ணீரில் விட்டதும் எல்லாம் விபரமாக எழுதுங்கள். வேலைக்குப் போகும் பஸ்ஸில் இப்போது எனக்கு இதே யோசனைதான்.

அன்புத் தம்பி
இராசநாயகம்


புத்தூர்
09.02.1995

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். சண்டை நின்றிருக்கிறது. கடைகளுக்குச் சவர்க்காரமும் மெழுகுதிரியும் வந்திருக்கின்றன. சனம் ஒளித்து வைத்திருந்த சிரிப்பையெல்லாம் வெளியே எடுத்திருக்கிறது.

பொங்கலன்று வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினோம். வாதரவத்தைப் பக்கம் மாட்டை முழங்கால் தண்ணீர் மட்டும் இறக்கி, இழுவையைப் பின்னால் தள்ளினால் வள்ளம் தானே எழும்பிக்கொண்டது. நானும் கத்தரீனாவும் போனோம். இரண்டு நாள் எடுத்துத் தொண்டைமானாறு போய் வந்தோம். நடுவில் கீழே இறங்குகிற அடிப்பலகையைத் தூக்கிவிட்டால் இடுப்பளவு இல்லாத தண்ணீரிலும் ஓடுகிறது. கூடாரம் காற்றைப் பிடித்துச் சரிக்கிறது, அதைக் கொஞ்சம் பதிக்க வேண்டும். அடுப்பு நன்றாக எரிகிறது. நுளம்பு ஒன்றும் உள்ளே வரவில்லை.

திரும்பி வந்து சில மாற்றம் செய்திருக்கிறேன். பிரம்புக் கதிரையைக் கத்தரீனாவின் மாமியாருக்குக் கொடுத்துவிட்டேன், மனுசிக்கு நடக்க ஏலாது. கப்பியைக் கிணற்றில் திரும்பப் பூட்டியாயிற்று. நீ அனுப்பிய படத்தைப் பார்த்து இடப்பக்கப் படுக்கையில் பாதியை மடிக்கிற மேசையாக்கினேன். மணல்மூடையை எடுத்துவிட்டேன். வள்ளம் இப்போது நேராக நிற்கிறது.

ஊர் நாலு விதமாகக் கதைக்கிறது. கதைக்கட்டும்.

அக்கா


ஸ்காபரோ
06.03.1995

அன்பான அக்கா,

நாங்கள் நலம். அதை ஒரு பக்கம் வைப்போம்.

உங்கள் கடிதத்தைப் பல தரம் வாசித்தேன். நீங்கள் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தான் சுகம் என்று எழுதவில்லை. பொங்கலன்று நீங்களும் கத்தரீனாவும் போனதாக எழுதியிருக்கிறீர்கள். மணல்மூடையை எடுத்துவிட்டீர்கள், வள்ளம் நேராக நிற்கிறது.

அத்தான் இடப்பக்கம் படுத்திருந்தால் மூடையில்லாமல் வள்ளம் நேராக நிற்காது அக்கா.

எப்போது?

இராசன்


புத்தூர்
02.04.1995

அன்புள்ள இராசன்,

நான் உண்மையாகவே சுகம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

டிசம்பர் நடுவில். மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். தண்ணீரில் விடுமுன் அவருக்குப் பழகட்டும் என்று புளியமரத்தடியில் நின்ற வள்ளத்தில் தினமும் கப்பியால் ஏற்றிக் கொஞ்ச நேரம் படுக்கவைப்போம். அவருக்கு அது பிடித்துவிட்டது. இறக்கப் போனால் ஹாண்டிலை விடமாட்டார். அன்றைக்குச் சாய்மனையை உயர்த்தி, ரேடியோவில் ஒரு பாட்டு முடியும் வரை டைனமோவைச் சுற்றிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனேன். வந்து பார்க்கிறேன், கை வெளியே தொங்குகிறது. முகம் கோணவில்லை. வெள்ளிக்கிழமை தண்ணீரில் இறக்க நாள் பார்த்திருந்தது. இரண்டு நாள் பொறுக்கவில்லை அவர்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். செத்தவீட்டுக் கடிதத்துக்கு நீ என்ன பதில் போடுவாய் என்று எனக்குத் தெரியும். முதற் பக்கம் அழுகை, இரண்டாம் பக்கம் விமானச் சீட்டு. அந்த இரண்டாம் பக்கத்தை வாசிக்கிற தெம்பு எனக்கு அப்போது இல்லை. அவர் கட்டிலில் கிடக்கும் மட்டும் என்னை யாரும் எங்கேயும் இழுக்க முடியாது. அந்தப் பலத்தை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்க விரும்பினேன். பொய் எழுதவில்லை. எழுதாமல் விட்டேன்.

செத்தவீட்டுக்கு அவருடைய ஆட்கள் வந்தார்கள். வள்ளம்தான் ஆளைக் கொண்டுபோனது என்றார்கள். விறகுத் தட்டுப்பாடு என்று அவருடைய பெரியப்பா மகன் சோமசேகரம் வள்ளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டு, "உதை உடைச்சால் சிதைக்குக் காணும் மச்சாள்" என்றான். செத்தவீட்டில் மனைவி வாய் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். "உதிலை ஒரு ஆணி கழண்டால் உன்ரை வீட்டுக் கதவைக் கழட்டிக்கொண்டு வருவன்" என்றேன். பிறகு விறகு எங்கிருந்தோ வந்தது.

கீரிமலைக்குப் போக வழியில்லை, அது ஆமியின் வேலிக்குள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி தொண்டைமானாற்றுக் கடலில் முடிந்தது, அவருடைய தம்பி மகன் செய்தான். மறுநாள் பொங்கல். துடக்கு வீட்டில் பொங்கல் இல்லை, ஒரு வருடத்துக்கு நல்ல காரியமும் இல்லை. நான் காலையில் மாட்டைப் பூட்டச் சொன்னேன்.

கரையில் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். "தாலி கழட்டி மாசம் ஒண்டு. நீ முதற்கால் வைக்கக் கூடாது மீனா, வள்ளத்துக்கு ஆகாது." நான் தள்ளி நின்றேன். "சரி. சுமங்கலி ஆர் ஏறுறியள்? ஏறுங்கோ. முதற்கால் வையுங்கோ." ஒருத்தி நீச்சல் தெரியாது என்றாள். ஒருத்தி மேலே ஹெலி வந்தால் என்றாள். ஒருத்தி பால் பொங்க விட்டுவிட்டு வந்தேன் என்று ஓடினாள். கந்தப்பு அண்ணை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு, "தங்கச்சி, காத்து நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னார். ஏறிவிட்டேன். கத்தரீனா சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள்.

பாய் நிமிர்ந்து காற்றைப் பிடித்ததும் அழுதேன் இராசன். கரைக்குக் கேட்கிற மாதிரித்தான் அழுதேன். கத்தரீனா டைனமோவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மத்தியானம் நடு உப்பாற்றில் நின்று அவள் கொண்டுவந்த பாணும் சம்பலும் சாப்பிட்டோம். பிறகு நான் அந்த மெத்தையில், அந்தச் சாய்மனையில் படுத்தேன். கையைப் போட்டால் தண்ணீர் தொட்டது. யாருக்காக இத்தனையும் செய்தேனோ அவர் இல்லை. அந்த நினைப்பு நெஞ்சை அறுத்தது. என்றாலும் வசதியாக இருந்தது. மிக வசதியாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

மன்னிப்புக் கேட்டதை அவரிடம் சொல்ல முடியவில்லை. உன் கடிதம் வரும்போது அவர் இல்லை. ஆனால் அவர் உன்னில் கோபமாக இருக்கவில்லை. உன் கல்யாணப் படம் அவர் தலைமாட்டில்தான் இருந்தது.

அக்கா


ஸ்காபரோ
25.04.1995

அன்பான அக்கா,

முதற் பக்கம் நீங்கள் சொன்னபடியே. அதை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். அவர் என்னை முதன்முதலில் கப்பலேற்றியவர். அதற்கு மேல் எழுத வரவில்லை. பத்மாசினி விளக்கேற்றி வைத்திருக்கிறா. பிள்ளைகள் கேட்கிறார்கள், மாமாவுக்கு என்ன நடந்தது என்று.

இரண்டாம் பக்கம் எழுதாமல் விடத்தான் பார்த்தேன். முடியவில்லை. சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. திருகோணமலையில் கப்பல்களை அடித்ததை இங்கே டிவியில் பார்த்தோம். அக்கா, நீங்கள் தனியாள். தனியாளுக்குப் பத்திரம் எல்லாம் இலகு. இத்துடன் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டால் போதும். ஏன் இன்னும் அங்கே இருக்க வேண்டும்? அத்தானும் இல்லை. இனி உங்களைத் தடுக்க அங்கே என்ன இருக்கிறது?

கோபிக்காதீர்கள். பயத்தில்தான் எழுதுகிறேன்.

தம்பி


புத்தூர்
30.05.1995

என் அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். பத்மாசினி விளக்கேற்றியதற்கு அவளுக்கு என் அன்பு. உனக்கும் கோபமில்லை. நீ பயப்படாமல் இருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

ஹெலி திரும்ப வந்துவிட்டது. வள்ளத்தைப் புளியமரத்தின் கீழ் கொண்டுவந்து கிடுகு போட்டு மூடி வைத்திருக்கிறோம். போன கிழமை இயக்கப் பெடியள் இரண்டு பேர் வந்தார்கள். வள்ளம் இருக்கிறதாமே என்றார்கள். கிடுகை விலக்கிக் காட்டினேன். ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான்: மெத்தை, சேலைத்திரை, மடிக்கிற மேசை. அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"அம்மா, உது கெதியா ஓடாதோ?"

"ஓடாது தம்பி. உது ஆறுதலாய்ப் போறதுக்கு."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இத்தனை வசதி செய்ததில் எனக்குக் கிடைத்த முதல் இலாபம். நேவிக்கும் வேண்டாம், பெடியளுக்கும் வேண்டாம், எனக்கு மட்டும் வேண்டிய ஒரு வள்ளம் இந்தக் குடாநாட்டிலேயே இதுதான்.

இனி உங்களைத் தடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஒன்றும் இல்லை. அதைத்தான் நானும் இந்த மாதங்களில் யோசித்தேன். அவர் இருந்த காலம் முழுவதும் நான் அவருக்காக இங்கே நிற்கிறேன் என்று நீ நினைத்தாய், ஊர் நினைத்தது. எனக்கும் அப்படிச் சொல்வது இலகுவாக இருந்தது. கட்டின மனிதனை விட்டுப் போகாத பெண் என்றால் யாரும் மறுத்துக் கதைக்க மாட்டார்கள். இப்போது அந்தச் சாட்டு இல்லை. கட்டி வைக்க ஒரு கயிறும் இல்லை. கதவு திறந்திருக்கிறது, பத்திரம் மேசையில் கிடக்கிறது, கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறாய். நான் போகவில்லை. நான் இங்கே நிற்பது எனக்காக. இதைச் சொல்ல எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது.

சாவு வரலாம். உன் ஸ்காபரோவிலும் வரலாம். ஓட வேண்டி வந்தால் ஓடுவேன், தெரியாத வேலையா? ஆனால் எந்தத் திசையில் ஓடுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பத்திரங்களைக் கையெழுத்தில்லாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நல்ல தடித்த தாள், வீணாக்காதே, பிள்ளைகள் பின்பக்கத்தில் படம் கீறட்டும்.

வா என்று இனி எழுதாதே தம்பி. வள்ளத்தில் புதிதாக என்ன செய்தாய் என்று கேட்டு எழுது. பக்கம் பக்கமாகப் பதில் போடுவேன்.

உன் அக்கா
மீனாம்பிகை